பதினோரு மாரியாயிகள்

கன்னையாவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று கிள்ளானில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேருக்குக் கன்னையாவையே தெரியாது. உண்மையைச் சொன்னால், அவருக்குத் தெரிந்தது கிடங்கு இங்கிலீஷ். பெல்லிங்டன் கம்பெனிக் கிடங்கில் மூட்டை தூக்க வந்தவர், பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்ததை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து, பதினாலு வருஷத்தில் காதில் பென்சில் செருகி, சாமான் கணக்கு எழுதும் ஸ்டோர் கிராணி ஆகிவிட்டார். அந்தப் பென்சிலைக் கோயிலுக்குப் போகும்போதுகூட எடுக்கமாட்டார்.

அந்தக் கிடங்கில் எந்தப் பொருளையும் மனிதர்கள் பேசுகிற மாதிரி எழுத முடியாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி என்றால் 'நைஃப், டேப்பிங், நம்பர் டூ'. பால் வாளி என்றால் 'பக்கெட், ஐயன், டூ கேலன்'. பொருளின் பெயர் முதலில் வரும். அது எப்படிப்பட்டது, எதற்கானது, எத்தனை என்பதெல்லாம் கால்புள்ளி போட்டுக்கொண்டு பின்னால் வரும். பேரேட்டில் தேடுகிறவன் பெயரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. கன்னையா வீட்டுக்கு வந்து ராஜம்மாவிடம் "சட்டை, வெள்ளை, கிழிஞ்சது, ஒண்ணு" என்று நீட்டுவார். அவளும் சிரித்துக்கொண்டே ஊசியை எடுப்பாள்.

அதெல்லாம் ரப்பர் விலை விழுவதற்கு முன்னால். 1931-ஆம் வருஷம் யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. வேலை இல்லாத தமிழனை இங்கே வைத்துச் சோறு போடுவதைவிடக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவது மலிவு என்று பெரிய இடத்தில் யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள். லோரி லோரியாக ஆட்களைக் கொண்டுவந்து துறைமுகத்து முகாமில் இறக்கினார்கள். இந்த 'ஊர்' என்ற சொல்லை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. போனவர்களில் எத்தனையோ பேர் இங்கேயே, தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். அவர்களுக்கு எது ஊர்?

கன்னையாவின் தங்கை மாரியாயி அப்படிப் பிறந்தவள்தான். அண்ணனுக்கும் அவளுக்கும் பதினைந்து வயசு வித்தியாசம். அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போனபின் அவளைத் தூக்கி வளர்த்தவர் கன்னையா. அவர்களுடைய சொந்த ஊர் எது என்று கேட்டால் அவருக்குத் தெரிந்தது, அப்பன் சொன்ன "ஆத்தூர்ப் பக்கம்" என்ற இரண்டே சொல். தமிழ்நாட்டில் ஆத்தூர் எத்தனை இருக்கிறது என்று அப்பனிடம் யாரும் கேட்கவில்லை.

மாரியாயியை ஜெஞ்சாரோம் பக்கம் பாலத்தடித் தோட்டத்தில் வேலை செய்த நாகையாவுக்குக் கொடுத்தார். கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து. பந்தியில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள், மாப்பிள்ளையைக் காணவில்லை. பதினாறு வயசுப் பெண், விளையாட்டுப் புத்தி, வாசலில் நின்று கையை வாயருகே குவித்து, "நாகையா! ஓ நாகையா! சோறு ஆறிப்போவுது!" என்று கூப்பிட்டுவிட்டாள். பந்தி முழுவதும் கொல்லென்று சிரித்தது. கட்டின புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்புகிற கூட்டம் அது. கன்னையா எழுந்து போய், எச்சில் கையைக்கூடக் கழுவாமல், இடது கையால் அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டார். "இன்னொரு தடவ அந்தப் பேரு ஒன் வாயில வந்துச்சு, நாக்க இழுத்து வச்சு அறுத்துருவேன்" என்றார். அவள் அழவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கையை எவ்வளவு ஒழுங்காக வளர்த்தேன் என்பதற்குச் சாட்சியாக இந்தக் கதையைக் கன்னையா பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

இது நடந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலத்தடியில் வேலை செய்த தம்புசாமி என்பவன் ஜெஞ்சாரோமிலிருந்து நடந்தும் மாட்டு வண்டியிலுமாகக் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தான். தோட்டத்தை மூடிவிட்டார்கள். அவன் பெயர் எப்படியோ பட்டியலில் விடுபட்டுப்போயிருந்தது. மாரியாயியையும் அவளுடைய ரெண்டு வயசுக் குழந்தை தனலெட்சுமியையும் மற்றவர்களோடு லோரியில் ஏற்றிப் போய்விட்டார்கள் என்றான். நாகையா ரெண்டு மாசத்துக்கு முன்பே ரவூப் பக்கம் ரோட்டு வேலைக்குப் போயிருந்தான். வீடு பார்த்துக்கொண்டு வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன்.

"கிள்ளான்ல எங்க அண்ணன் இருக்காருன்னு அந்தப் புள்ள கத்துச்சுண்ணே. கங்காணி, அத முகாம்ல போயிச் சொல்லுன்னுட்டான். கப்பலு வெள்ளிக்கெழம மத்தியானமாம்."

கன்னையா விரல் விட்டு நாளை எண்ணினார். நாகப்பட்டினத்தில் இறங்கி அவள் எங்கே போவாள்? இடுப்பில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, ஆத்தூர்ப் பக்கம் என்று யாரிடம் வழி கேட்பாள்?

திங்கட்கிழமை காலையில் ரயிலேறித் துறைமுகத்துக்குப் போனார். முகாமின் இரும்புக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே நாலு பேருக்கு அம்மை கண்டிருந்ததால் யாரும் உள்ளே போகவும் கூடாது, வெளியே வரவும் கூடாது. வேலிக்கு இந்தப் பக்கம் அவரைப் போல நூறு பேர். கதவருகே காவலுக்கு ஒரு பஞ்சாபி ஜாகா தடியோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில் கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால், தூக்கத்தையே பார்த்திராத மாதிரி கண் சிவந்த ஒரு வாலிபக் கிராணி இருந்தான். விஜயன் என்று பேர்.

"மாரியாயின்னு ஒரு பொண்ணு தம்பி. என் தங்கச்சி" என்றார் கன்னையா.

விஜயன் தலையை நிமிர்த்தவில்லை. "மாரியாயின்னு பதினோரு பேரு இருக்காங்கண்ணே. எந்த மாரியாயி?"

கன்னையா சொல்ல ஆரம்பித்தார். விஜயன் கையைக் காட்டி நிறுத்தினான். "வாயால சொல்லி ஆவாது. இங்கிலீஷ்ல எழுதி இந்தப் பொட்டில போடுங்க. துரை பார்ப்பாரு. ரிஜிஸ்தர்ல இருக்கற ஆளும் சீட்டுல இருக்கற ஆளும் ஒண்ணுதான்னு தெரிஞ்சா வெளிய வுட்ருவாங்க. ரெண்டு பேருக்குப் பொருந்துற மாதிரி இருந்தா, இல்லேன்னு எழுதிருவாரு. ஏமாத்தி ஆளக் கூட்டிக்கிட்டுப் போறானுங்கன்னு அவருக்குக் கோவம்."

கன்னையா வேலிப் பக்கம் போய் அடித்தொண்டையிலிருந்து "மாரியாயி!" என்று கத்தினார். தகரக் கொட்டகைகளுக்கு அப்பாலிருந்து ரெண்டு மூணு பெண் குரல்கள் "ஓய்!" என்று பதில் கொடுத்தன. ஒன்றும் அவளுடையது இல்லை. ஜாகா தடியால் அவரை மெல்லத் தள்ளினார்.

அன்று மத்தியானமே கிடங்கில் உட்கார்ந்து எழுதினார். அவருக்கு வந்த இங்கிலீஷில் எழுதினார்: 'வுமன், டமில், மாரியாயி, ஒன். சைல்ட், ஃபீமேல், ஒன். சிஸ்டர் ஆஃப் கன்னையா, கிள்ளான்.' எழுதி முடித்துப் படித்துப் பார்த்தார். மூட்டைச் சீட்டு மாதிரி இருந்தது. வெட்கமாகிவிட்டது. இதைப் போய்த் துரை கையில் கொடுப்பதா என்று, மறுநாள் பெரிய கிராணி வீரசிங்கத்திடம் கொண்டுபோனார்.

வீரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். வயசு முப்பதுதான், கன்னையாவைவிட எட்டு வயசு இளையவர். ஆனால் அவருடைய நாற்காலிக்குக் கை இருந்தது, கன்னையாவுடையது வெறும் முக்காலி. கேம்பிரிட்ஜ் பரீட்சை பாஸ் செய்தவர். அவர் எழுதும் கடிதத்தில் வெள்ளைக்காரத் துரை ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை என்று கம்பெனியில் பேச்சு.

சீட்டைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னையாவின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று அடக்கிக்கொண்டார்.

"என்ன காணும் இது? மனுசியோ, சாமானோ?"

"எனக்கு இதுதாங்கய்யா வரும்."

"குறை நினையாதையும். இரும், சாப்பாட்டு நேரத்தில எழுதுவம்."

வீரசிங்கத்தைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அன்றைக்கு அவர் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மூலையில் கிடந்த ரெண்டு ஓட்டை வாளிகளைக் கொண்டுவரச் சொல்லி மேசை மேல் வைத்தார்.

"இதை இங்கிலீசில எப்பிடிச் சொல்லுவீர்?"

"பக்கெட், ஐயன், ஓல்டு, டூ."

"அது பேரேடு. பேசுறவன் இப்பிடிச் சொல்லுவான்: 'தி டூ ஓல்ட் ஐயன் பக்கெட்ஸ் வித் புரோக்கன் ஹாண்டில்ஸ்.' கவனியும். முதலில 'தி'. பிறகு எத்தினை எண்ட எண்ணிக்கை. பிறகு பழசோ புதுசோ. அதுக்குப் பிறகு என்னத்தால செய்தது. இவ்வளவும் வந்தாப்பிறகுதான் வாளி வரும். வாளியோட முடியேல்லை. கைபிடி உடைஞ்ச கதை வாளிக்குப் பின்னால வருகுது."

கன்னையா யோசித்தார். "நம்ம தமிழ்ல எல்லாமே முன்னால வந்துருதுங்களேய்யா. கைப்பிடி ஒடஞ்ச ரெண்டு பழைய இரும்பு வாளி. வாளி கடைசியிலதான வருது."

"அதுதான் சங்கதி. தமிழில பேர் கடைசியில. உம்முடைய கிடங்கில பேர் முதலில. இங்கிலீசில நடுவில. ஒற்றைச் சொல்லுகள் முன்னால போகும், நீட்டுக் கதையள் பின்னால வரும்."

கன்னையாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஊர்வலத்தில் மாப்பிள்ளை நடுவில் வர, மேளக்காரர் முன்னாலும் சொந்தக்காரர் பின்னாலும் வருவது போல என்று நினைத்துக்கொண்டார். பதினாலு வருஷமாகத் தலைகீழாகப் பிடித்திருந்த ஒன்றை யாரோ நிமிர்த்திக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. அவ்வளவு துக்கத்திலும் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம் வந்தது. வந்ததற்காகப் பிற்பாடு தன்னைத்தானே எவ்வளவோ திட்டிக்கொண்டார்.

"இந்த 'தி' எதுக்குங்கய்யா?"

"'எ' எண்டால் ஏதோ ஒண்டு. 'தி' எண்டால் உமக்கும் எனக்கும் தெரிஞ்ச அந்த ஒண்டு. பதினோரு மாரியாயிக்குள்ள உம்முடைய ஆள் ஒருத்திதான். ஆனபடியால் 'தி' போடவேணும். ஆனா பின்னால வாற கதை அவளை மட்டும் தனியாக் காட்டவேணும். காட்டாட்டில் 'தி' போட்டும் பிரயோசனமில்லை."

பிறகு அவளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதினார். இளம் வயசு. இடது புருவத்தின் மேல் தழும்பு. ரெண்டு வயசுப் பெண் குழந்தை. பாலத்தடித் தோட்டம். கன்னையா சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் தனக்கு உரிய இடத்தில் போய் உட்கார்ந்தது.

"என் தங்கச்சிங்கறது எங்கங்கய்யா வரும்?"

வீரசிங்கம் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தார். "வெறும் ஸ்டோர் கிராணி கேட்டால் துரை திரும்பியும் பாரான். கம்பெனித் தாளில நான் கையெழுத்து வைச்சால் மதிப்பு. நான் கையெழுத்து வைச்சுக்கொண்டு 'மை சிஸ்டர்' எண்டு எழுதினால் அவள் என்ர தங்கச்சியாகிப் போவாள். கன்னையாவின்ர தங்கச்சி எண்டு எழுதலாம். ஆனா கன்னையா ஆரெண்டு துரைக்குத் தெரியுமோ?"

"தெரியாதுங்கய்யா."

"கலியாணம் முடிச்ச பொம்பிளையை எந்த அரசாங்கக் கந்தோரிலயும் புருஷன்ர பேரிலதான் பதிவினம். அதுதான் ஒருநாளும் தவறாத அடையாளம். மனுசன்ர பேரென்ன?"

"நாகையா" என்றார் கன்னையா.

இப்படித்தான் அந்தச் சீட்டு முடிந்தது: 'தி யங் டமில் வுமன் நேம்டு மாரியாயி, ஒய்ஃப் ஆஃப் நாகையா, வித் எ ஸ்கார் ஓவர் ஹர் லெஃப்ட் ஐப்ரோ, ஹூ கேம் ஃப்ரம் பாலத்தடி எஸ்டேட் வித் எ டாட்டர் ஆஃப் டூ இயர்ஸ்.' வீரசிங்கம் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். கன்னையாவுக்குக் கண் கலங்கியது. உலகத்தில் எத்தனை கோடிப் பெண்கள் இருந்தாலும் இந்த வரிக்குப் பொருந்துகிறவள் ஒருத்திதான் என்று பட்டது. தன் பழைய சீட்டைக் கசக்கப் போனவர், எதையும் வீசாத கிடங்குப் பழக்கத்தில் நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே சீட்டு பெட்டிக்குள் போய்விட்டது. வீட்டில் ராஜம்மா, "என்னாங்க எழுதுனீங்க?" என்று கேட்டாள்.

"ஒனக்குச் சொன்னா வெளங்கவா போவுது? இங்கிலீஷ்" என்றார். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் விஜயன் சீட்டைத் திருப்பிக் கொடுத்தான். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தது. இப்படி ஒரு பெண் இந்த முகாமில் இல்லை.

"நல்லாப் பாருங்க தம்பி."

"பதினோரு மாரியாயியையும் பார்த்தாச்சுண்ணே. ஒருத்திக்கும் புருஷன் பேரு நாகையா இல்ல. புருவத்துல தழும்பு இருக்கான்னு கொட்டகைக்குள்ள போயிப் பார்க்க முடியாது, அம்மை. ரிஜிஸ்தர்ல இருக்கறதுதான்." பின்னால் ஆள் நெருக்கிக்கொண்டிருந்தது. "பாலத்தடி ஆளுங்கள்ல கொஞ்சப் பேரப் பினாங்குக் கப்பலுக்குன்னு கோலாலம்பூருக்குக் கொண்டு போனதாக் கேள்வி. அங்க பாருங்க."

அந்தச் சீட்டைக் கன்னையா சந்தேகப்படவே இல்லை. அதுதான் பாவம். கம்பெனித் தாள், பெரிய கிராணி கையெழுத்து, ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில். அப்படிப்பட்ட சீட்டுக்கு ஆள் அகப்படவில்லை என்றால் ஆள் அங்கே இல்லை என்றுதானே அர்த்தம்? தன் சீட்டாக இருந்திருந்தால் நான் எழுதியதுதான் தப்பு என்று நினைத்திருப்பார், வாசலிலேயே கிடந்திருப்பார்.

அடுத்த ரயிலில் கோலாலம்பூருக்குப் போனார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயன் வீடுகளுக்குப் பக்கத்தில், வெட்டவெளியில், பினாங்கு வண்டிக்காக ஜனங்கள் மூட்டை முடிச்சோடு குந்தியிருந்தார்கள். புதன் சாயங்காலமும் வியாழன் முழு நாளும் அவர்களுக்கு நடுவே நடந்தார். ஒவ்வொரு பெண்ணின் இடது புருவத்தையும் குனிந்து குனிந்து பார்த்தார். ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிக் காட்டினார். ஸ்டேஷன் கிராணி ஒருவரிடம் போய் நின்று, மனப்பாடம் செய்திருந்த வரியைச் சொல் தவறாமல் ஒப்பித்தார். "தி யங் டமில் வுமன்..." அந்த மனிதர் முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லாப் பேசுறீங்க" என்றார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வியாழக்கிழமை மாலை வண்டியும் போய்விட்டது. அதில் அவள் ஏறவில்லை என்பது மட்டும் நிச்சயம். கன்னையா உட்கார்ந்த இடத்திலேயே கிடந்து, வெள்ளிக்கிழமை காலை முதல் ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பினார்.

ராஜம்மா தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. திருப்பிக் கொடுத்த சீட்டை அவள் முன்னால் விரித்துப் போட்டார். "இவ்வளவு எழுதியும் இல்லேங்கறான்டி."

"அப்படி என்னதான் எழுதிருக்கீங்க? எனக்குத் தமிழ்ல சொல்லுங்க."

அவர் சொன்னார். இளம் வயசுத் தமிழ்ப் பெண். பேரு மாரியாயி. நாகையா பெண்டாட்டி. இடது புருவத்துக்கு மேல் தழும்பு.

"இருங்க" என்றாள் ராஜம்மா. "அவ புருஷன் பேரு அந்த ரிஜிஸ்தர்ல எப்படி ஏறும்?"

"கேட்டிருப்பான். சொல்லியிருப்பா."

"யாரு, மாரியாயியா? அவளா சொல்லுவா?" ராஜம்மா சீட்டைத் தள்ளி வைத்தாள். "பந்தில வச்சு, அத்தன பேரு முன்னால, அந்தப் பேரச் சொன்னதுக்குத்தான அறைஞ்சீங்க? அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் எங்கிட்டகூடச் சொன்னதில்லியே அவ. எனக்கே உங்க பேரு வாயில வராது. அவ வாயில வருமா?"

கன்னையா எழுந்தார். செருப்பைப் போடாமலே ஸ்டேஷனுக்கு ஓடினார். ஓடும்போது இடது உள்ளங்கை எரிவது போலிருந்தது.

துறைமுகத்தில் முகாமின் இரும்புக் கதவு விரியத் திறந்திருந்தது. அதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அம்மை பரவுகிறதென்று காலையிலேயே ஆட்களைத் தொங்காங் படகுகளில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பிவிட்டார்கள். கொட்டகைகளில் பினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எரிக்கப்போகும் பாய்கள் குவித்துக் கிடந்தன. ஆற்று முகத்துவாரத்தில் கப்பலின் புகை மட்டும் சதுப்பு மரங்களுக்கு மேல் தெரிந்தது.

விஜயன் ஜன்னலில்தான் இருந்தான். நாலு நாளில் முதல் முறையாக அவனுக்கு வேலை இல்லை. கன்னையா கேட்டதும் மறுக்காமல் ரிஜிஸ்தரைத் திறந்தான்.

"பாலத்தடியில இருந்து வந்த மாரியாயி மூணு பேருண்ணே. ரெண்டு பேரு புருஷனோட வந்தவங்க." விரல் கீழே இறங்கியது. "மூணாவது இது. புருஷன் பேரு எடம் காலியா இருக்கு. கேட்டப்போ வாயே தொறக்கலியாம், தலையத் தலைய ஆட்டுச்சாம். எழுதுனவன் மலையாளத்தான், அவனுக்கு என்ன தெரியும்? பின்ன நீ யாருதான் சொல்லுன்னு அதட்டிருக்கான்."

அவன் விரல் நின்ற இடத்தைக் கன்னையா பார்த்தார். கிடங்கில் அவர் தினமும் எழுதுகிற அதே மாதிரி, பெயர் முதலில், மற்றதெல்லாம் கால்புள்ளிக்குப் பின்னால். 'மாரியாயி, டமில், ஃபீமேல், ஒன். சைல்ட், ஃபீமேல், ஒன். சிஸ்டர் ஆஃப் கன்னையா, கிள்ளான்.'

சட்டைப் பையில் கைவிட்டுத் தன் பழைய சீட்டை எடுத்தார். நாலு மடிப்பையும் பிரித்து ரிஜிஸ்தரின் மேல் வைத்தார். விஜயன் ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போயிற்று.

"இதக் குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. பிறகு, சொல்லாமல் இருந்திருக்க வேண்டியதைச் சொன்னான். "அந்தப் புள்ளய எனக்குத் தெரியும்ண்ணே. கொழந்தய இடுப்புல வச்சுக்கிட்டு தெனம் காலையில அந்தக் கம்பிக்கிட்ட வந்து நிக்கும். கன்னையா தங்கச்சின்னு சீட்டு ஏதாச்சும் வந்துச்சான்னு கேக்கும். நா ஒவ்வொரு நாளும் பொட்டியத் தொறந்து, சீட்ட எல்லாம் ஒண்ணொண்ணாப் பார்த்துத்தான் இல்லேன்னு சொன்னேன். இன்னிக்குப் படகுல ஏத்தப் போறப்பவும் கேட்டுச்சு."

கன்னையா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நீ என்ன சொன்ன?"

"உங்க அண்ணன் வரலம்மான்னு சொன்னேன்."